எஞ்சினைத் தூக்குவதா, சில்லைக் கழற்றுவதா: பழுதுபார்ப்பில் நிற்கும் ஷெர்மன் டாங்கியின் டயோராமா

பழுதுபார்ப்பில் நிற்கும் கவச வாகனம் ஒன்றை அளவுமாதிரியாகச் செய்து, ஆட்களும் தரையும் சேர்ந்த சிறு காட்சியாக (டயோராமா) அமைக்க விரும்புகிறவர், மாதிரியின் துண்டுகள் அடங்கிய பெட்டியை வாங்குவதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டிய விடயம் எந்தப் பழுதைக் காட்டப்போகிறோம் என்பதாகும். எஞ்சினைக் கழற்றி அந்தரத்தில் தொங்கவிடுவது ஒரு வழி; சங்கிலிப்பட்டியை அவிழ்த்துச் சில்லுத் தொகுதியைக் கழற்றுவது இன்னொரு வழி. கிளிநொச்சியில் என் வீட்டு விறாந்தை மேசையில் இரண்டையும் செய்து பார்த்தேன். முதலாவதைப் பாதியில் நிறுத்தினேன்; இரண்டாவது முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்ட வாகனம் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான ஷெர்மனின் எம்4ஏ4 வகை, அதாவது பிரித்தானியப் படையினர் ஷெர்மன் 5 என்று அழைத்த வகை. களம் 1945இன் மத்திய பர்மா. அந்த ஆண்டு பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சிலும் மெய்க்திலா நகரைக் கைப்பற்றிய 17ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவுடன் 255ஆம் இந்திய டாங்கிப் படையணியின் ஷெர்மன்களும் சென்றன. மத்திய பர்மா எங்கள் வன்னியைப் போலவே உலர் வலயம். அங்கும் புழுதி உண்டு, பனைமரம் உண்டு. ஐரோப்பியப் பனியையும் சேற்றையும் படத்தில் மட்டும் பார்த்து மண் பூசுவதைவிட, பங்குனி வெயிலில் காய்ந்த தரையைக் கண்முன் வைத்துக்கொண்டு பூசுவது எனக்கு நேர்மையான வேலையாகத் தோன்றியது.

எஞ்சினைத் தூக்கும் காட்சியின் கவர்ச்சியை நான் மறுக்கவில்லை. எம்4ஏ4இன் எஞ்சின் சாதாரணமானதன்று. ஆறு சிலிண்டர் கொண்ட கார் எஞ்சின்கள் ஐந்தை ஒன்றாகப் பிணைத்து, 30 சிலிண்டர்களும் ஒரே தண்டைச் சுழற்றும்படி கிறைஸ்லர் நிறுவனம் அமைத்த இயந்திரம் அது. அதற்கு இடம் கொடுப்பதற்காகவே வாகனத்தின் உடல் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நீட்டப்பட்டது. இப்படிப்பட்ட ஒன்றை வெளியே எடுத்துக் காட்ட எந்தக் கைவினைஞருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்த ஆசைக்குக் கொடுக்க வேண்டிய விலை பெரியது. நான் வாங்கிய பெட்டியில் எஞ்சினும் இல்லை, எஞ்சின் அறையின் உட்புறமும் இல்லை. றெசினில் வார்த்த தொகுதியைத் தனியே வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும், அல்லது பிளாஸ்ரிக் தகட்டை வெட்டி நாமே கட்ட வேண்டும். நான் கட்டத் தொடங்கினேன். ஐந்து தொகுதிகளில் மூன்று முடிந்ததும், பின்தளத்தை அறுத்துத் திறந்தால் உள்ளே தெரியப்போகும் வெறுமையையும் நிரப்பியாக வேண்டும் என்பது உறைத்தது. போதாததற்கு, உண்மையில் இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட எஞ்சினைத் தூக்கப் பாரந்தூக்கி லொறி ஒன்று வேண்டும்; அதுவும் ஒரு தனிப் பெட்டி, டாங்கி அளவுக்கே இடம் பிடிக்கும் ஒன்று.

இவை எல்லாவற்றையும் விடச் சிக்கலானது பாரம். சில கிராம் எடையுள்ள பிளாஸ்ரிக் எஞ்சினை மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டால், சங்கிலி விறைப்பாக நிற்காமல் கண்ணிக்குக் கண்ணி நெளிந்து, தூக்கப்படுவது வெறுங்கோது என்று பார்ப்பவருக்குச் சொல்லிவிடும். தூண்டிற்காரர் பயன்படுத்தும் ஈயக் குண்டுகளை எஞ்சினுக்குள் வைத்து இதைச் சரிசெய்தேன். உடனே பாரந்தூக்கியின் பிளாஸ்ரிக் கை வளையத் தொடங்கியது. அதற்குள் இரும்புக் கம்பி செருக வேண்டும் என்ற கட்டத்தில்தான் வேலையை நிறுத்தினேன்.

சில்லைக் கழற்றும் காட்சிக்கு ஷெர்மன் மிகவும் இசைவான வாகனம். ஜேர்மனியரின் டைகரில் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பதால் உட்சில்லு ஒன்றை மாற்ற வெளிச்சில்லுகள் பலவற்றைக் கழற்ற வேண்டும். ஷெர்மனிலோ பக்கத்துக்கு மூன்று தொகுதிகள், தொகுதிக்கு இரண்டு சில்லுகள்; ஒவ்வொரு தொகுதியும் உடலின் வெளிப்புறத்தில் மரையாணிகளால் பூட்டப்பட்டிருப்பதால், பழுதானதை முழுதாகக் கழற்றி வேறொன்றைப் பூட்டிவிடலாம். மாதிரிப் பெட்டியிலும் தொகுதிகள் தனித்தனித் துண்டுகளாகவே வருகின்றன. ஒன்றை ஒட்டாமல் விட்டு, அது பொருந்தும் இடத்தில் மரையாணித் துளைகளை ஊசித் துளைகருவியால் இட்டால் காட்சியின் பாதி முடிந்தது.

மற்றப் பாதி சங்கிலிப்பட்டி. மற்ற ஷெர்மன்களுக்குப் பக்கத்துக்கு 79 கண்ணிகள், நீளமான எம்4ஏ4க்கு 83. பெட்டியோடு வரும் இறப்பர் போன்ற ஒற்றைப் பட்டி இந்தக் காட்சிக்கு உதவாது. தரையில் கிடத்தினால் அது பாயைப்போலச் சுருண்டு எழும்பும். கண்ணி கண்ணியாகக் கோக்கும் வகையே வேண்டும். என் மாதிரியின் அளவில் கண்ணி ஒன்று 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், முழுப் பட்டியையும் நீட்டினால் 36 சென்ரிமீற்றர் வரும், வாகனமோ 17 சென்ரிமீற்றர்தான். ஆகவே பட்டியின் அடிப்பகுதியைச் சில்லுகளின் கீழேயே விட்டு, முன்பற்சில்லுக்கு அருகில் அவிழ்த்த மேற்பகுதியை மட்டும் மண்ணில் நெளிய விட்டேன். அவிழ்த்த மூட்டின் இரு பக்க இணைப்புத் துண்டுகளையும் அருகில் ஒரு சாக்குத்துண்டின்மேல் வைத்தேன்.

அந்தச் சாக்கைப் போன்ற சிறு விபரங்களை வைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கை முகப்பில் உழவு இயந்திரம் திருத்தும் கராஜ் ஒன்று இருக்கிறது. அங்குள்ள அண்ணை பெரிய சில்லைக் கழற்றும்போது ஜாக்கியை வெறும் மண்ணில் வைப்பதில்லை, பலகை போட்டு அதன்மேல்தான் வைப்பார். உயர்த்தியதும் அச்சுக்குக் கீழே பனங்குற்றியை உருட்டிவிட்ட பிறகே கையை உள்ளே விடுவார். சுரைகளை மண்ணெண்ணெய் ஊற்றிய பேணிக்குள் போடுவார், நீளமான மரையாணிகளை வந்த துளையிலேயே விரலால் இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவிடுவார். அன்றைக்குச் சிந்திய எண்ணெய் செம்மண்ணில் கறுப்பாக மினுங்கும். ஒரு கிழமைக்குப் பின் அதே இடம் புழுதி படிந்து மங்கிய கபிலமாகக் கிடக்கும். இவை அத்தனையும் என் தளத்தில் இருக்கின்றன. கழற்றப்பட்ட ஒவ்வொரு பொருளும் எங்காவது வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நான் படித்தது அந்தக் கராஜில்தான்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாதிரித் தயாரிப்பாளரான தமியா நிறுவனம் செய்த பாந்தர் டாங்கி மாதிரிக்குள் மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்ததால் பிறந்த அளவு 1/35, அதாவது உண்மையின் 35இல் ஒரு பங்கு. அதில் ஆள் ஒருவர் ஐந்து சென்ரிமீற்றர் உயரம் இருப்பார்; அவர் கையிலுள்ள ஒரு அடி ஸ்பானர் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியும். 1/72இல் அதே ஸ்பானர் 4 மில்லிமீற்றர். ஆனால் 15 மீற்றர்ப் பனை ஒன்று 1/72இல் 21 சென்ரிமீற்றரில் அழகாக நிற்கும், 1/35இலோ 43 சென்ரிமீற்றர் வளர்ந்து டாங்கியைச் சிறுபிள்ளையாக்கிவிடும். நிலக்காட்சி முக்கியமானவர்கள் 1/72ஐ எடுக்கலாம். எனக்குக் கைகளும் கருவிகளும் முக்கியமாக இருந்தபடியால் 1/35ஐ எடுத்து, முழுப் பனைக்குப் பதிலாகத் தறித்த குற்றி இரண்டை வைத்தேன்.

மண்ணை அப்படியே அள்ளிப் பூசக் கூடாது. ஒரு மில்லிமீற்றர் மணல் இந்த அளவில் மூன்றரைச் சென்ரிமீற்றர்க் கல்லாகிவிடும். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை அரித்து, நீர்த்த வெள்ளைப் பசை பூசிய தளத்தில் தூவ வேண்டும்.

ஆட்களின் விடயத்திலும் சில்லுக் காட்சியே முந்துகிறது. எஞ்சின் தொங்கும்போது சுற்றி நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பவர்கள். சில்லைக் கழற்றும்போது ஒருவர் குந்தியிருக்கிறார், ஒருவர் அலவாங்கை மிதிக்கிறார், ஒருவர் வண்டிக்குக் கீழே கால் மட்டும் தெரியப் படுத்திருக்கிறார். டாங்கிகளைத் திருத்துவது 1943இல் உருவான இந்திய மின், இயந்திரப் பொறியியற் படையின் பொறுப்பு. பர்மாவில் அணிந்த கடும்பச்சை உடையைக் கொடுத்து, குந்தியிருப்பவரின் மேற்சட்டையை மட்டும் பனங்குற்றியில் போட்டேன்.

எங்கள் வீட்டில் டாங்கி என்பது வெறும் பொழுதுபோக்குச் சொல் அன்று. முதற்காட்சி மேசையில் இருந்த மாதங்களில், குழலை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த வாகனத்தின் பக்கம் அம்மா வரவே இல்லை. விறாந்தையைக் கூட்டும்போதும் அந்த மூலையை விட்டுவிடுவார். இரண்டாவது காட்சியில் சங்கிலி அவிழ்ந்து, ஒரு பக்கம் பனங்குற்றியில் ஏறி, டாங்கி நகர முடியாமல் நின்ற ஒரு பின்னேரம் அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, இவன் என்னத்தைக் கழற்றுறான்?"

சில்லு என்றேன். ஜாக்கிக்குக் கீழே பலகை வைத்திருக்கிறேனா என்று கேட்டார்.