எஜாரி இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்: துபாய்க்கு வரும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

துபாயில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். அதனால் மார்ச் கடைசியில் நம்ம ஊர் ஆசிரியர்கள் நிறையப் பேர் இங்கே வந்து இறங்குகிறோம். நானும் அப்படித்தான் பாளையங்கோட்டையிலிருந்து இயற்பியல் ஆசிரியராக வந்தேன். வந்த 5 வாரத்துக்குள், எஜாரி (வாடகை ஒப்பந்தத்தின் அரசுப் பதிவு) இல்லாத ஒரு வாடகை வீட்டு விஷயத்தில் 10,500 திர்ஹாமை இழந்தேன். இந்திய ரூபாயில் அது இரண்டேகால் லட்சத்தைத் தாண்டும். அடுத்து வருகிறவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வேலை விஷயத்தில் நான் மிகக் கவனமாகவே இருந்தேன். விசிட் விசாவில் வந்து சேரச் சொன்ன ஒரு இடத்தை வேண்டாம் என்று விட்டேன், ஏனென்றால் விசிட் விசாவில் வேலை பார்ப்பது இங்கே சட்டவிரோதம். பட்டச் சான்றிதழை மாநில அரசு, டெல்லி வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்கினேன். வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று அமீரகச் சட்டம் சொல்வதைத் தெரிந்துகொண்டு, 'சர்வீஸ் சார்ஜ்' கேட்ட ஏஜென்ட்டை ஒதுக்கினேன். இவ்வளவும் பார்த்தவன் வீட்டு விஷயத்தில் ஏமாந்தேன். காரணம், வந்த முதல் மாதம் அப்படிப்பட்டது.

பள்ளி எனக்கு 14 நாளுக்கு மட்டும் தங்க இடம் கொடுத்தது. அதற்குள் வீடு பார்த்தாக வேண்டும். ஆனால் மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் முடிந்து எமிரேட்ஸ் ஐடி (இங்கே குடியிருப்பவர்களுக்கான அடையாள அட்டை) கைக்கு வர எனக்கு 4 வாரம் ஆனது. ஐடி வராததால் வங்கிக் கணக்குத் தொடங்க முடியவில்லை, கணக்கு இல்லாததால் செக் புத்தகமும் இல்லை. துபாயிலோ வருட வாடகையை 4 செக், 6 செக் என்று பிரித்து, வரப்போகும் மாதங்களின் தேதி போட்டு முன்கூட்டியே கொடுப்பதுதான் வழக்கம். செக் இல்லாதவனை முறையான ஏஜென்சிகள் காத்திருக்கச் சொல்கின்றன. பகலெல்லாம் புதுப் பள்ளியில் 7 பிரிவேளை நின்று பாடம் எடுத்துவிட்டு, சாயங்காலம் அல் குசைஸிலும் அல் நஹ்தாவிலும் கட்டிடம் கட்டிடமாக ஏறி இறங்குவேன். இந்த நேரம் பார்த்துத்தான் 'ரொக்கம் போதும், நாளைக்கே சாவி' என்று ஒருவர் வருகிறார்.

எனக்கு அவருடைய எண்ணைக் கொடுத்தவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர். அவர் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. 2 வருடம் முன்பு அதே ஆள் மூலம் வீடு எடுத்து அவர் நன்றாகத்தான் இருந்திருக்கிறார். போனில் பேசிய அந்த மனிதர் வள்ளியூர்ப் பக்கம் என்றார். பேச்சில் எங்கள் ஊர் வாடை. நானும் உடனே 'அண்ணாச்சி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன்.

வீடு அல் நஹ்தாவில், துபாய்ப் பக்கம். (அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி உண்டு, எல்லையைத் தாண்டினால் ஷார்ஜாவிலும் உண்டு. விளம்பரத்தில் வாடகை சட்டென்று குறைவாகத் தெரிந்தால் எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். காலை நேர நெரிசலில் அந்த எல்லையைக் கடப்பது சாதாரண விஷயம் அல்ல.) ஸ்டூடியோ வீடு. கட்டில், பீரோ, சிவப்பு சோபா, சின்ன அடுப்பங்கரை எல்லாம் இருந்தன. மாதம் 3,500. மெட்ரோ நடக்கும் தூரம். மனைவியும் மகளும் ஜூனில் வரப் போகிறார்கள் என்ற நினைப்பில் அந்த வீட்டைப் பார்த்ததும் மனசு நின்றுவிட்டது.

2 மாத வாடகை 7,000, முன்பணம் 2,000, கமிஷன் 1,500 என்று கேட்டார். எஜாரி எப்போது போடலாம் என்று நான் கேட்காமல் இல்லை. "ஐடி வரட்டும் தம்பி, ரெண்டு வாரத்துல போட்டுரலாம். அண்ணாச்சி இருக்கேன்லா" என்றார். ஒரு தாளில் ஒப்பந்தம் என்று அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் 9,000 திர்ஹாமை எண்ணிக் கையில் கொடுத்தேன். என்னிடம் அப்போது அவ்வளவுதான் இருந்தது. கமிஷனுக்கு ஈடான ரூபாயை மட்டும் மனைவி ஊரிலிருந்து, அவர் சொன்ன இந்திய வங்கிக் கணக்குக்கு அனுப்பினாள்.

ஏப்ரல் 6-ம் தேதி குடிபோனேன். 19 நாள் கழித்துக் கட்டிடக் காவலாளியும் நிர்வாக அலுவலகத்திலிருந்து 2 பேரும் வந்து கதவைத் தட்டினார்கள். நீங்கள் யார் என்றுதான் முதலில் கேட்டார்கள். அவர்கள் புத்தகத்தில் என் பெயரே இல்லை. அண்ணாச்சி அந்த வீட்டின் உரிமையாளரும் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. தன் பெயரில் வருட வாடகைக்கு எடுத்து, முதல் செக்கை மட்டும் பாஸாக விட்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் என்னிடம் உள்வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டாவது செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. நான் போன் போட்டேன், எடுக்கவில்லை. இரவுக்குள் வாட்ஸ்அப்பில் அவர் படமும் மறைந்துவிட்டது.

அந்த அலுவலகத்தார் மரியாதையாகவே பேசினார்கள், காலி செய்ய 3 நாள் கொடுத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான். துபாய் வாடகைச் சட்டம், 2007-ன் 26-ம் எண், உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. விட்டால் எடுத்தவர், உள்ளே இருப்பவர் இருவரையும் வெளியேற்றலாம். ஏமாந்தவர் தன்னிடம் பணம் வாங்கியவரிடம் இழப்பீடு கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த ஆளைப் பிடிக்க வேண்டுமே. வாடகைத் தகராறு மையத்தில் விசாரித்தபோது முதலில் கேட்டதே எஜாரியைத்தான்.

எஜாரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: வாடகை ஒப்பந்தத்தைத் துபாய் நிலத் துறையில் பதிவு செய்வது. அரபியில் 'என் வாடகை' என்று பொருள். கட்டணம் பெரிய தொகை இல்லை. அந்தப் பதிவு எண் இருந்தால்தான் தேவாவில் (துபாயின் மின்சார, தண்ணீர் வாரியம்) மின்சாரமும் தண்ணீரும் உங்கள் பெயருக்கு வரும், குடும்பத்துக்கு விசா போட முடியும். என் வீட்டில் மின்சார பில் வேறு யாரோ பெயரில் வந்தது. அதைப் பார்த்த அன்றே நான் உஷாராகியிருக்க வேண்டும். பள்ளியில் முதல் யூனிட் டெஸ்ட் தாள் திருத்திக்கொண்டிருந்த வாரம் அது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். அவசரமில்லாத விஷயங்களுக்குத் துபாய் போலீஸின் எண் 901. ரொக்கமாகக் கொடுத்த 9,000-க்கு அந்தத் தாளைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. மனைவி அனுப்பிய அந்தச் சின்னத் தொகைதான் வங்கிப் பதிவோடு நிற்கிற ஒரே உறுதியான சான்று. இதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், ரொக்கம் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்று யாராவது நெருக்கினால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

முதலில் பட்டா மாதிரியான டைட்டில் டீட் நகலையும் உரிமையாளரின் ஐடி நகலையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், செக்கும் அதே பெயருக்குத்தான் எழுத வேண்டும். ஏஜென்ட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு) அட்டை இருக்கும். நிலத் துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் அவர் பதிவு பெற்றவரா என்று அங்கேயே நின்று பார்த்துவிடலாம். கட்டிடக் காவலாளியிடம் 2 நிமிடம் பேசுங்கள். நான் அன்று பேசியிருந்தால் விஷயம் அப்போதே வெளியே வந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே பள்ளியிடம் தங்குமிடத்தை 14 நாளுக்குப் பதில் ஐடி வரும் வரை என்று கேளுங்கள். எங்கள் பள்ளியில் என் விஷயம் தெரிந்த பிறகு, புதிதாக வந்த 2 ஆசிரியைகளுக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. சம்பளத்தில் முன்பணமும் வீட்டுக்காகப் பல பள்ளிகள் தருகின்றன, அதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். பார்ட்டிஷன் அறையில் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அனுமதி இல்லாத தடுப்பு அறைகள் மேல் துபாய் மாநகராட்சி 2025 ஜூனில் அல் ரிக்கா, சத்வா போன்ற பகுதிகளில் நடவடிக்கை எடுத்தது. இருந்தவர்கள் சட்டென்று இடம் தேட வேண்டியதாயிற்று.

நான் இப்போது கராமாவில் ஒரு பெட் ஸ்பேஸில் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) இருக்கிறேன். குடும்பம் ஜூனில் வரவில்லை. மகளுக்குப் பார்த்து வைத்திருந்த பள்ளி இடமும் போய்விட்டது. ஊரில் அப்பாவுக்கு இன்னும் பணம் போனது தெரியாது.

நேற்று அதே ஸ்டூடியோ விளம்பரத்தில் மறுபடி வந்திருக்கிறது. அதே சிவப்பு சோபா, அதே ஜன்னல், 'ரொக்கம் போதும், எஜாரி பிறகு' என்ற அதே பேச்சு, எண் மட்டும் வேறு. படத்தோடு போலீஸுக்கு அனுப்பிவிட்டேன். உங்களில் யாராவது அந்த வீட்டைப் பார்க்கப் போவதாக இருந்தால் போகாதீர்கள்.