நடுநிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான திரைப்பட, ஊடகப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் வார இறுதிகளில் நடைபெறும் இந்தப் பயிற்சி, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே வகுக்கப்பட்டது. நடத்துவோர் படத்தொகுப்பிலும் ஒலிப்பதிவிலும் பழகிய கைகாரர்கள். பள்ளியில் பாடம் நடத்திய அனுபவம் அவர்களுக்கு இல்லை. பயிற்சியின் நிறையும் குறையும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன என்பது, முழுப் பயிற்சியிலும் கலந்துகொண்ட தமிழாசிரியை என்ற முறையில் நான் கண்டது.

இப்படியொரு பயிற்சிக்கான தேவை உண்மையானது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்பு மாணவர்களுக்குச் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022ஆம் ஆண்டு தொடங்கியது. திரையிடுவது எளிது, படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் கடினம். நம்மில் பெரும்பாலோர் “இந்தப் படத்திலிருந்து நீ கற்றுக்கொண்ட நீதி என்ன?” என்று கேட்போம், “பொய் சொல்லக் கூடாது டீச்சர்” என்று ஒரு பிள்ளை சொல்லும், அத்துடன் மணி அடித்துவிடும். திரைப்படத்தையும் ஒரு செய்யுளைப் போல் வரிவரியாகப் படிக்கலாம் என்பதை எந்தக் கல்வியியல் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பயிற்சியின் ஆகச் சிறந்த பகுதி, லெவ் குலெஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் செய்ததாகக் கூறப்படும் சோதனையைக் கைப்பேசியைக் கொண்டு நாங்களே செய்து பார்த்தது. உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்பின் காட்சிக்கு அடுத்து வைத்தால் பசியாகவும், சவப்பெட்டிக்கு அடுத்து வைத்தால் துயரமாகவும் பார்ப்பவர் உணர்ந்தனர் என்பது அந்தச் சோதனையின் சாரம். பயிற்சிக்கு வந்திருந்த ஒருவரின் முகத்தை அசைவின்றிப் பதிவுசெய்துகொண்டு, குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு காட்சிகளை எடுத்து அதனுடன் ஒட்டினோம். திருத்தப்படாத விடைத்தாள் கட்டுக்குப் பின் அந்த முகம் வந்தபோது அரங்கம் சிரித்தது. கரையில் தனியே கிடக்கும் வள்ளத்துக்குப் பின் அதே முகம் வந்தபோது, கடற்கரைக் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், கடலுக்குப் போனவரை எதிர்பார்த்து நிற்பவரின் முகம் அது என்றார். முகம் மாறவில்லை, அடுத்திருந்த காட்சிதான் மாறியது. இரண்டு ஷாட்டுகள் சேரும் இடத்தில்தான் பொருள் பிறக்கிறது என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவ்வாறு கையால் செய்து அறிந்துகொண்டால், நாளைக்கு ஒரு ரீல்ஸில் யாரோ ஒருவர் சிரிப்பதாக வெட்டி ஒட்டியிருப்பதைக் கண்டதும், அவர் எதைப் பார்த்துச் சிரித்தார் என்று கேட்கத் தொடங்கும்.

ஒலி பற்றிய வகுப்பும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. தோவாளைப் பூச்சந்தையில் அவர்களே பதிவுசெய்த ஒரு சிறு காட்சியை முதலில் படமின்றி ஒலியாக மட்டும் கேட்கச் செய்து, கேட்டதை வரையச் சொன்னார்கள். பிறகு படத்துடன் காட்டினார்கள். இறுதியில் சந்தையின் இரைச்சலை நீக்கிவிட்டு, முதலில் நாதஸ்வரத்தையும் அடுத்துத் தனி வயலினையும் சேர்த்துக் காட்டினார்கள். பூக் கட்டும் அதே பெண் ஒன்றில் கலியாண வீட்டுக்கும் மற்றொன்றில் துக்க வீட்டுக்கும் மாலை தொடுப்பவராகத் தெரிந்தார். நிறம், பாத்திரம், கேமரா, கதை, களம், ஒலி என்ற ஆறு தலைப்புகளில் கேள்வி கேட்கும் முறை பிரிட்டனில் பள்ளிகளுக்கென உருவாக்கப்பட்டது. அதை நல்ல தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுத் தந்திருந்தார்கள். அந்தத் தாள் மட்டுமே கட்டணத்தில் பாதிக்கு ஈடு என்பேன்.

இவ்வளவு கவனமாக நடந்த பயிற்சியில், அசையும் படம் ஏன் அசைவதாகத் தெரிகிறது என்பதற்குப் பழைய விளக்கத்தையே தந்தது வியப்பளித்தது. விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்றார்கள். பிம்பம் தங்குவது மட்டுமே காரணமென்றால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பித் தெரிய வேண்டுமேயன்றி அசைவாகத் தெரிய வேண்டியதில்லை. அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களை மூளை அசைவாக இணைத்துக்கொள்வதை மாக்ஸ் வெர்தைமர் 1912ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினார். ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்கள் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதும் அறிவியல் ஆசிரியர் இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பெரிய குறை வேறு. பயிற்சி ஓர் ஆசிரியரை நல்ல பார்வையாளராக்குகிறது; ஆனால் திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் என்ன செய்வது என்பதைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறது. முழுநீளப் படத்தை ஒரே அமர்வில் பார்த்து, அதன்பின் நீண்ட நேரம் உரையாடுவதே அவர்கள் காட்டிய முறை. நமக்குக் கிடைப்பதோ முக்கால் மணி நேரத்துக்கு மிகாத பாடவேளை. அதிலும் வருகைப்பதிவுக்கும் புரொஜெக்டரைப் பொருத்துவதற்கும் போக எஞ்சுவது சொற்பம்; வகுப்பறையின் மேற்குச் சன்னலுக்குத் திரைச்சீலை இல்லையென்றால் பிற்பகலில் படமே தெரியாது. மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து, முதல்முறை வெறுமனே பார்க்கவும், இரண்டாம் முறை ஒரே கேள்வியுடன் பார்க்கவும், பின் ஐந்து வரி எழுதவும் வைப்பது எப்படி என்று ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டியிருக்கலாம். அதை வளரறி மதிப்பீட்டுக்குரிய (பாடம் நடக்கும்போதே மாணவரின் கற்றலை அளவிடும் முறைக்குரிய) செயல்பாடாகப் பதிவுசெய்வது எப்படி என்று ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லே பயிற்றுநர்களுக்குப் புதிதாக இருந்தது. பாடக்குறிப்பு எழுதிப் பழகிய மூத்த ஆசிரியர் ஒருவரை உடன் அமர்த்திக்கொண்டாலே இக்குறை பெருமளவு தீர்ந்துவிடும்.

பெயரில் ஊடகம் இருந்தாலும், நேரத்தில் அதற்குக் கிடைத்தது இறுதி நாளின் பிற்பகல் மட்டுமே. ஒரு புகைப்படம் முதலில் எங்கே, எப்போது வெளியானது என்று இணையத்தில் தேடும் முறையைத் தெளிவாகக் கற்பித்தார்கள். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் எங்கோ நடந்த செய்திகள். இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒக்கிப் புயலைத் தொடாமல் ஊடகப் பாடம் நடத்துவது எனக்கு விளங்கவில்லை. 2017 நவம்பர் 30 அன்று புயல் தாக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் கரைக்கு வரவில்லை. காணாமற்போனவர்களின் எண்ணிக்கையை அரசு ஒன்றாகவும் மீனவர்கள் வேறாகவும் கூறினர். குழித்துறையில் மக்கள் ரயில் மறியலில் இறங்கிய பிறகே பல ஊடகங்கள் இந்தப் பக்கம் திரும்பின. யார் எண்ணினார்கள், யாரிடம் கேட்டு எழுதினார்கள், எந்தப் படத்தை முதலில் வைத்தார்கள் என்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. உறவினரை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால் இதை எப்படிப் பக்குவமாகக் கையாள்வது என்பதும் ஆசிரியருக்குக் கற்பிக்கப்பட வேண்டியதே.

களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. கேரளத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற தகவல் தொழில்நுட்ப மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன; அவற்றுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு அரசே பயிற்சி தருகிறது. விளவங்கோடு, கிள்ளியூர் வட்டாரப் பிள்ளைகள் மலையாளப் படங்களையும் தமிழ்ப் படங்களையும் ஒன்றுபோலப் பார்த்து வளர்கிறார்கள். தங்கள் பேச்சுவழக்கு தமிழ்த் திரையில் சிரிப்பு மூட்டவே பெரிதும் பயன்படுவதையும் கவனித்திருக்கிறார்கள். இதைப் பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பயிற்சியில் இதற்கு இடமே இல்லை.

உள்ளூர் வரலாற்றுக்கும் அதே கதி. மலையாளத்தின் முதல் திரைப்படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில்தான் இறுதிக்காலத்தைக் கழித்து 1975ஆம் ஆண்டு மறைந்தார். அப்படத்தின் கதாநாயகி பி.கே. ரோசி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து உயர்சாதிப் பெண்ணாக நடித்ததற்காகத் திருவனந்தபுரத்தை விட்டே துரத்தப்பட்டவர். பின்னாளில் நாகர்கோவிலில் வாழ்ந்ததாகக் கூறப்படுகிறது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி, பயிற்சி நடந்த இடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. திரையில் யார் தோன்றலாம், யாரைப் பார்த்து யார் சிரிக்கலாம் என்ற கேள்விகளை இந்த மூவரிடமிருந்தே தொடங்கலாம்.

சட்டம் பற்றிய அமர்வு சுருக்கமானாலும் சரியானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியின்றிப் படம் திரையிடக் கல்வி நிலையத்துக்கு விலக்களிக்கிறது. பார்வையாளர் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியுடன் நேரடித் தொடர்புடையோர் என்ற அளவில் நிற்க வேண்டும். ஊர்த் திருவிழா மைதானத்தில் திரையிட்டால் அது பொருந்தாது. தணிக்கைச் சான்றிதழில் யுஏ வகை 2024 முதல் 7, 13, 16 வயது எனப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஆறாம் வகுப்புக்குப் படம் தேர்ந்தெடுப்பவர் இனி அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். மாணவர் நடித்த குறும்படத்தை யூடியூபில் ஏற்றுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறுமாறு வற்புறுத்தியதும் நன்று.

மதிய உணவு உட்படக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது. சாப்பாடு தாராளம், மீன் குழம்பைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. கைப்பேசியும் அதில் போதிய காலியிடமும் இருந்தால் போதும், மடிக்கணினி தேவையில்லை. இது பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பயிற்சி அன்று. ஆகவே பணிநாளாகக் கணக்கில் வராது, சான்றிதழும் பதவி உயர்வுக்கு உதவாது. குறும்படப் போட்டிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் நோக்கத்துடன் வருபவருக்கு இது ஏமாற்றம் தரும். கேமரா இயக்கம், ஒளியமைப்பு பற்றியெல்லாம் மேலோட்டமாகவே சொல்கிறார்கள். மொழிப்பாட, சமூக அறிவியல் ஆசிரியர்கள் தயங்காமல் சேரலாம். சேரும்போதே மாதிரிப் பாடம் ஒன்றை நடத்திக் காட்டும்படியும், ஊடகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கும்படியும் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த அணியை மார்த்தாண்டத்தில் நடத்தும் எண்ணம் இருப்பதாக நடத்துவோர் கூறினர். மேற்கு வட்டாரத்து ஆசிரியர்கள் அதுவரை காத்திருந்தால் பேருந்து அலைச்சலாவது மிச்சமாகும்.