மெஷின் ரூம் இல்லாத லிஃப்ட்: ஓட்டம் அருமை, ஆனாலும் வேண்டாம் என்கிறேன்

பக்கத்து மாவட்டத்தில் அரசுக் கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் நண்பர் ஒருவர் புது லிஃப்டுக்கு எஸ்டிமேட் போடுகிறார். கியர்லெஸ் (கியர் இல்லாமல் மோட்டாரே நேராகக் கயிற்றுச் சக்கரத்தைச் சுற்றுவது), மெஷின் ரூம் இல்லாதது, 13 பேர், 884 கிலோ. எங்கள் அலுவலகத்திலும் சில வருஷமாக இதேதான் ஓடுகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பழைய கியர் மெஷின் தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலேயோ கீழேயோதான் நிற்கும். இது தரையோடு தரையாக நிற்கிறது. நேர்காணலுக்காகக் கருவூலத்துக்கு வரும் ஓய்வூதியர்களின் சக்கர நாற்காலி தடுக்காமல் உள்ளே போகிறது. கியர் ஆயில் கசிவும் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது ஏ.ஆர்.டி. என்ற தானியங்கி மீட்புக் கருவி. கரண்ட் போனதும் பேட்டரியில் பக்கத்துத் தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறது. இது இல்லையென்றால் பிரேக்கைக் கையால் விடுவித்து, கூண்டும் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடையும் எது கனமோ அது இறங்கும்படி கூண்டை நகரவிட வேண்டும். எதிர் எடை என்பது காலிக் கூண்டோடு ஏறக்குறையப் பாதிச் சுமையைச் சேர்த்த கணக்கு. அதனால் உள்ளே ஆறேழு பேர் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகி, பிரேக்கை விட்டாலும் கூண்டு அசையாது. ஆகவே அந்த பேட்டரிகளையும் விரிவான ஏ.எம்.சி.யில் (உதிரிபாகமும் அடங்கிய ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) சேர்த்துவிடுங்கள். பல ஒப்பந்தங்களில் அதை மட்டும் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லிஃப்ட் நிற்பதெல்லாம் பெரும்பாலும் கதவால்தான். கதவு ஓடும் வாசல் தடத்தில் ஒரு சிறு கல் கிடந்தால் போதும். கதவு முழுதாக மூடாது, பூட்டின் கான்டாக்ட் சேராது, லிஃப்ட் கிளம்பாது. தடத்தைத் தினமும் பிரஷ் போட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். தரை கழுவும் தண்ணீரை லிஃப்டுக்குக் கீழே உள்ள குழிக்குள் தள்ளக் கூடாது என்பதையும் துப்புரவுப் பணியாளர்களிடம் விளக்கியிருக்கிறேன். அவர்கள் கவனமாகவே செய்கிறார்கள்.

ஆனால் கதவு சில தடவை முயன்று தோற்றால் லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலர் தன்னையே பூட்டிக்கொள்கிறது. கல்லை எடுத்தாயிற்று, தடம் சுத்தம். ஆனாலும் ரீசெட் செய்ய நிறுவனத்தின் கையடக்கக் கருவியும் பாஸ்வேர்டும் வேண்டும். ஒரு நிமிட வேலைக்கு வெளியூரிலிருந்து டெக்னீஷியன் வர வேண்டும். போன வாரமும் இதே கதை. அவர் வந்து சேர மாலை ஆயிற்று. அதுவரை முட்டி வலியோடு மூன்று மாடி ஏறியவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கன்ட்ரோலர் காட்டும் பிழை எண் என்ன சொல்கிறது என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது. மக்கள் பணத்தில் வாங்கிய மெஷினின் சாவி மக்கள் கட்டடத்தில் இல்லை என்றால் கோபம் வராதா?

அந்த டெக்னீஷியன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஆள் ஏகப்பட்ட லிஃப்டுகளைப் பார்க்கிறார்.

டெண்டரிலேயே எழுதுங்கள்: சர்வீஸ் கருவி, பாஸ்வேர்டு, பிழை எண் பட்டியல், வயரிங் வரைபடம் எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும். கதவுக் கோளாறை ரீசெட் செய்யக் கட்டடத்து எலக்ட்ரீஷியனுக்குப் பயிற்சி தர வேண்டும். கடைசி பில் அதற்குப் பிறகுதான். யாரும் இதற்கு ஒத்துவரவில்லை என்றால், இவ்வளவு நல்ல மெஷினாக இருந்தும், வாங்காதீர்கள். உங்கள் பழைய கியர் மெஷினையே ஓவர்ஹால் செய்து, ஒரு ஏ.ஆர்.டி. மாட்டி ஓட்டுங்கள்.