‘டிராப்பிக்கல்’ சாண்டர்சன் கேமரா வாங்கப் போகிறீர்களா? தோலை உரித்து விற்கிறார்கள், உஷார்

இங்கிலாந்தில் பழைய பிரிட்டிஷ் கேமரா சேகரிக்கிற நம்மாட்கள் இப்போது கொஞ்சம் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ‘டிராப்பிக்கல் சாண்டர்சன், அசல் தேக்கு’ என்று இணையத்திலோ கேமரா சந்தையிலோ கண்ணில் பட்டால், பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 620 பவுண்டு போனது. சண்டை போட்டு 200 பவுண்டு திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

சாண்டர்சன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிரெடரிக் சாண்டர்சன் கேம்பிரிட்ஜில் மரவேலை செய்தவர், கட்டடங்களைப் படமெடுப்பதில் ஆசை உள்ளவர். உயரமான தேவாலயத்தை எடுக்கக் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சரிவதுபோலப் பதியும். கேமராவை நேராக வைத்துக்கொண்டு லென்ஸ் பலகையை மட்டும் மேலேற்றவும் சாய்க்கவும் முடிந்தால் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக இரு பக்கமும் நீளத் துளை வெட்டிய பித்தளைப் பட்டைகளை வைத்து 1895இல் காப்புரிமை வாங்கினார். லண்டன் ஹை ஹோல்பர்னில் இருந்த ஹௌட்டன்ஸ் நிறுவனம் அந்தக் கேமராக்களை விற்றது. ரெகுலர், டி லக்ஸ், டிராப்பிக்கல் என்று பல தினுசுகள்.

ரெகுலருக்கு வெளியே கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும். இந்தியா, பர்மா, மலாயா போன்ற இடங்களுக்குக் கேமராவோடு போன வெள்ளைக்காரர்களுக்கு அந்தத் தோல்தான் தலைவலி. வெயிலிலும் ஈரத்திலும் பசை விட்டுப்போகும், தோலில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். அதனால் தோலே இல்லாமல், மெருகேற்றிய தேக்கில் பித்தளை வைத்து வலுப்படுத்திச் செய்தவைதான் டிராப்பிக்கல் கேமராக்கள். பார்க்கவும் அழகு, கிடைப்பதும் அபூர்வம். ரெகுலர் விலைபோல் சில மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது. மோசடி நுழைவது இங்கேதான்.

சாதாரண சாண்டர்சனைத் திறந்து பாருங்கள். உள்ளே மெருகேற்றிய மஹோகனியும் பளபளக்கும் பித்தளையும்தான். வெளித்தோலை மட்டும் உரித்து, தேய்த்து, நிறமேற்றி வார்னிஷ் அடித்தால் போட்டோவில் டிராப்பிக்கல் மாதிரியே தெரியும். நான் வாங்கியது அப்படி ஒரு குவார்ட்டர் பிளேட் (அதில் போடும் கண்ணாடித் தகட்டின் அளவுக்குப் பெயர்) கேமரா. பெக் சிமெட்ரிக்கல் லென்ஸ், யூனிக்கம் ஷட்டர். விளம்பரத்தில் பத்துப் பன்னிரண்டு படங்கள். எல்லாம் முன்பக்கத்தைத் திறந்து வைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை. மூடிய நிலையில் ஒன்றே ஒன்று, அதுவும் சாய்கோணத்தில். கூடவே கதை: தாத்தா மதராஸில் ரயில்வே பொறியாளராக இருந்தாராம், அவருடைய பெட்டியில் கிடந்ததாம். மதராஸ் என்றதும் எனக்கு எங்கே தட்டும் என்று என் பெயரைப் பார்த்தே கணக்குப் போட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. விளம்பரத்தில் அந்தத் தாத்தா இல்லை. நான் விசாரித்து எழுதிய பிறகுதான் பதிலில் வந்து சேர்ந்தார்.

பார்சலைப் பிரித்ததும் மூக்குக்கு முதலில் எட்டியது புது வார்னிஷ் வாசனை. அப்புறம் மரம். தேக்கு வாசல்காலையும் தேக்குக் கட்டிலையும் பார்த்து வளர்ந்தவர்களை இதில் ஏமாற்றுவது கஷ்டம். தேக்கு மஞ்சள் கலந்த பழுப்பு, ரேகை நேராகவும் கரடாகவும் ஓடும், தொட்டால் லேசான எண்ணெய்ப்பசை இருக்கும். இது சிவந்த மஹோகனி, மேலே மஞ்சள் சாயம். மூலைகளில் பலகைகளைப் பல்லுப் பல்லாக வெட்டிக் கோத்த மூட்டு அப்படியே தெரிந்தது, இடையிடையே மக்கு வைத்து அடைத்திருந்தார்கள். தோலுக்குள் மறையப்போகிற மூட்டுதானே என்று அந்தக் காலத் தச்சர் விட்ட இடம் அது. வெளியே தெரியும் என்றால் அவர் அப்படி விட்டிருக்கவே மாட்டார்.

கைப்பிடிதான் கையும் களவுமாகக் காட்டிக்கொடுத்தது. ரெகுலரில் கைப்பிடியின் உலோகத் தகடு தோலுக்கு மேலே உட்காரும். தோலை உரித்தால் அதன் கனத்துக்கு ஒரு இடைவெளி விழும். என் கேமராவில் அந்தத் தகட்டுக்கு அடியில் விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டைத் தூக்கினால், அடியில் தேய்ப்புத்தாள் போகாத இடத்தில் கறுத்த பழைய பசையும், அதில் ஒட்டிக்கொண்டு நகக்கண் அளவு கறுப்புத் தோலும். அதைப் படமெடுத்து அனுப்பினேன். ‘பழைய பொருள் என்றால் பழுது பார்த்திருக்கத்தான் செய்வார்கள்’ என்று பதில் வந்தது. ‘அசல்’ என்று எழுதியவரும் அவர்தான்!

வ்யூஃபைண்டரைப் பிடித்திருந்தது நட்சத்திரத் தலை ஸ்க்ரூ. 1930களில் புழக்கத்துக்கு வந்த ஸ்க்ரூ அதற்கு முந்திய கேமராவில் எப்படி வரும்? பித்தளையை மெஷினில் தேய்த்திருந்தார்கள். பழைய பித்தளையில் மேலே பூசிய அரக்குப் பூச்சு மங்கிய பொன்னிறத்தில் நிற்கும், செதுக்கிய எழுத்தின் விளிம்பு கூராக இருக்கும். இதில் எழுத்தெல்லாம் மழுங்கிப்போய், உள்ளே இருந்த கறுப்பு நிறமும் காணோம். துருத்தி, அதாவது லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் மடிப்பு உறை, சிவப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் சிவப்புத் துருத்தியை மட்டும் நம்பாதீர்கள், அதைத் தனியே செய்து மாட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள்.

இதே வேலையை மற்ற மரக் கேமராக்களிலும் செய்யலாம். லீட்ஸ் கெர்ஷா செய்து, லண்டன் மேரியன் கம்பெனி விற்ற சோஹோ ரிஃப்ளெக்ஸுக்கும் டிராப்பிக்கல் உண்டு, விலை இன்னும் உயரம். அதில் குனிந்து பார்க்கும் கூண்டும் துருத்தியும் சிவப்பு ரஷ்யத் தோல், உடம்பு பித்தளை கட்டிய தேக்கு. அத்தனையையும் போலி செய்ய உழைப்பு அதிகம் என்பதால் ஆபத்து கொஞ்சம் குறைவு. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சரி, பணத்துக்கு வருவோம். அந்த ஆள் தன்னைத் ‘தனிநபர்’ என்று போட்டுக்கொண்டு விற்கிறார். ஆனால் அவருடைய பட்டியலில் எப்போதும் இருபது முப்பது கேமரா நிற்கும். இது சும்மா இல்லை. வியாபாரியிடம் இணையத்தில் வாங்கினால் 2013 நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி பொருள் வந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். தனிநபரிடம் அந்த உரிமை கிடையாது. பொருள் வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது மட்டும் தனிநபருக்கும் பொருந்தும், அதைப் பிடித்துத்தான் 200 பவுண்டாவது வாங்கினேன். இன்னொன்று, ‘கட்டணம் மிச்சம்’ என்று சொல்லி வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொன்னார். கடையிலோ வியாபாரியிடமோ வாங்கும்போது, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்கும். வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதே ஆளிடம் நண்பர் ஒருவர் வில்லியம்சன் ஜி45 வாங்கியிருக்கிறார். போர் விமானத்தில் பொருத்தி, விமானத்தின் துப்பாக்கிகள் சுடும்போது 16 மி.மீ. ஃபிலிமில் பதிவு செய்யும் கேமரா அது. ‘1940 பிரிட்டன் போரில் பறந்த ஸ்பிட்ஃபயரிலிருந்து எடுத்தது’ என்று சீட்டு. கேமராவோடு வந்த மரப்பெட்டியின் முத்திரையில் கிரீடத்தின் வளைவு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. அது எலிசபெத் ராணி காலத்துக் கிரீடம், 1952க்குப் பிந்தியது. ஆறாம் ஜார்ஜ் காலத்து முத்திரையில் வளைவு உருண்டு மேலே குவிந்திருக்கும். பெட்டி மாறி வந்திருக்கலாம் என்று வாதாடலாம்தான். ஆனால் ஸ்பிட்ஃபயர் கதைக்கு வேறு ஆதாரமே இல்லை, கதைக்குத்தான் விலை. ‘ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் ஓடிய பிரஸ் கேமரா’ (லண்டனில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெரு அது) என்று எம்பிபி மைக்ரோபிரஸ், விஎன் போன்ற பத்திரிகைக் கேமராக்களை விற்றாலும் இதே கேள்விதான்: எந்தப் பத்திரிகை, காகிதம் எங்கே? எம்பிபி என்றால் வரிசை எண்ணையும் கேட்டு வாங்கி விசாரியுங்கள். கூடவே ஷட்டர் திரையை விரித்து, பின்னால் பல்பைப் பிடித்து, ஊசி ஓட்டை தெரிகிறதா என்று படம் கேளுங்கள். பழைய ரப்பர் பூசிய துணி வெடித்திருந்தால் மாற்றுவது பெரிய செலவு.

டிராப்பிக்கல் என்றால் நான் கேட்கச் சொல்லும் படங்கள்: மூடிய பெட்டியின் நான்கு மூலைகள், அடிப்பக்கம், கைப்பிடித் தகட்டின் ஓரம் பக்கவாட்டிலிருந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலை. அசல் வைத்திருப்பவர் சந்தோஷமாக அனுப்புவார். நான் சொல்லும் ஆள் ‘கேமரா இப்போது பேக் ஆகிவிட்டது’ என்பார். இந்த வாரம் அவர் ஒரு ஹாஃப் பிளேட் ‘டிராப்பிக்கல்’ போட்டிருக்கிறார். அதே சன்னல் வெளிச்சம், அதே பளபள பித்தளை, தாத்தா மட்டும் இந்தத் தடவை ரங்கூனில். கைப்பிடி ஓரம் ஒரு படத்திலும் இல்லை.