மைன்கிராஃப்டின் எரிமலை நிலம்: பாறையியல் கண்ணோடு ஒரு விமர்சனம்

பிளாக்குகளால் கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட் கேமில் எரிமலைப் பாறையைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நேராக நெதர் என்ற நரக உலகத்துக்குள் இருக்கும் பசால்ட் டெல்டாவுக்குப் போங்கள். பசால்ட் என்றால் லாவா உறைந்து உண்டாகும் கறுத்த பாறை. 2020 ஜூனில் 1.16 அப்டேட்டோடு வந்த பகுதி இது. கறுத்த தூண்கள், இடையிடையே லாவாக் குட்டைகள், ஓயாமல் மிதக்கும் வெண்சாம்பல். அருமையான வேலை.

பசால்ட் பிளாக்கை மரத்தடி போல நிமிர்த்தியும் வைக்கலாம், படுக்கவும் வைக்கலாம். இது வெறும் அலங்காரம் இல்லை. நிஜத்தில் லாவா ஆறும்போது சுருங்கி விரிசல் விடுகிறது. குளிரும் முகத்துக்குச் செங்குத்தாகத் தூண்கள் பிரிகின்றன. அதனால் தரையில் பரவிய லாவாவைக் கட்டினால் தூண்களை நிமிர்த்துங்கள். பாறைப் பிளவில் சுவர்போல ஏறி உறைந்த லாவா என்றால் படுக்க வையுங்கள். பார்வைக்கே நிஜம் வந்துவிடும்.

ஆட்டத்தில் பசால்ட் தயாரிக்க, சோல் சாயில் என்ற நெதர் மண் மேல் லாவா ஓடிவர வேண்டும், பக்கத்தில் ப்ளூ ஐஸ் என்ற நீலப் பனிக்கட்டி பிளாக் ஒட்டியிருக்க வேண்டும். ஐஸ் கரையாது, ஒன்று போதும்; ஆனால் அந்த ஒன்றைச் செய்ய 81 சாதா ஐஸ் பிடிக்கும். பலர் பெயர் ஒத்த சோல் சாண்ட் என்ற மணலை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அதில் பசால்ட் உருவாகாது.

அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியில்தான் ஆட்டம் சறுக்குகிறது. லாவா ஊற்றின் மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன், ஓடும் லாவாவில் பட்டால் காபிள்ஸ்டோன் என்ற சாதாக் கல். நிஜத்தில் அப்சிடியன் பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ள, பாகு போலக் கெட்டியான லாவாவிலிருந்து வருவது. நெதரில் 7 பிளாக் தூரம் சரசரவென ஓடும் லாவா பசால்ட் வகை. அதில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம்தான். தண்ணீர் பட்டால் மேலே மெல்லிய கண்ணாடித் தோல் மட்டுமே படியும், முழுப் பாறையும் கண்ணாடியாகாது.

இன்னொரு குறை, ஆட்டம் தொடங்கும் சாதா உலகமான ஓவர்வேர்ல்டில் எரிமலையே கிடையாது. ஆனால் எரிமலைச் சாம்பல் இறுகி உண்டாகும் டஃப் மட்டும் ஆழத்தில் திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. எரிமலை வாய் இல்லாமல் சாம்பல் எங்கிருந்து வந்தது? ஆழத்தில் மெதுவாக ஆறும் கிரானைட்டும் மேலே பீறிட்டு உறையும் ஆண்டிசைட்டும் ஒரே மாதிரி உருண்டைகளாகக் கலந்து கிடப்பதும் உறுத்துகிறது.

டெல்டாவில் சுடும் மேக்மா பிளாக் மேல் குனிந்து நடந்தால் கால் சுடாது. லாவாவுக்கு, தீயிலிருந்து காக்கும் ஃபயர் ரெசிஸ்டன்ஸ் பானம் கட்டாயம். ரெட்ஸ்டோன் தூள் சேர்த்தால் அது வேலை செய்யும் நேரம் 3 நிமிடத்திலிருந்து 8 ஆகும். பானம் காய்ச்சத் தேவையான மேக்மா கிரீமும் அங்கேயே திரியும் மேக்மா க்யூப் என்ற எதிரிகளிடம் கிடைக்கும். பெரியதையும் நடுத்தரத்தையும் அடியுங்கள், குட்டிகள் தராது.