ஜேம்ஸ்டவுனா, பிளிமத்தா: பள்ளி ரிப்போர்ட்டுக்கு எது?

அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அங்கே வந்த ஆங்கிலேயரின் ஆரம்பகாலக் குடியேற்றம் ஒன்றைப் பற்றி ரிப்போர்ட் எழுதச் சொன்னால், தேர்வு பெரும்பாலும் ஜேம்ஸ்டவுன், பிளிமத் என்ற இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்.

பிளிமத் எளிது. 1620-ல் மேஃபிளவர் கப்பல், 102 பயணிகள், முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் சாவு, மறு ஆண்டு அங்கிருந்த பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களோடு அறுவடை விருந்து என்று கதை நேராகப் போகும். ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு கைப்பட எழுதிய வரலாறும் இருக்கிறது.

ஆனாலும் என் ஓட்டு ஜேம்ஸ்டவுனுக்கே. 1607-ல் வர்ஜீனியா கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் லாபத்துக்காக ஆள் அனுப்பிய இடம் அது. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் கோட்டைக்குள் பிழைத்தவர்கள் சுமார் 60 பேர். குதிரை, நாய், எலி எதையும் விடவில்லை. 2012-ல் அங்கே தோண்டியபோது சுமார் 14 வயதுப் பெண்ணின் மண்டையோடு கிடைத்தது. நெற்றியிலும் பின்மண்டையிலும் வெட்டுத் தடங்கள். மனித மாமிசம் தின்றதாக அன்றைக்கே எழுதிவைத்தவர்களுக்கு எலும்பு சாட்சி சொன்னது. எழுத்தையும் மண்ணையும் ஒத்துப்பார்க்கும் வேலை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 1619 இன்னும் கனமானது: மக்கள் பிரதிநிதிகளின் முதல் சபை கூடியதும், பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாக் கரையில் விற்கப்பட்டதும் அதே கோடையில்.

சின்ன வகுப்பு, அவகாசமும் குறைவு என்றால் பிளிமத்தையே எடுக்கலாம். ஆனால் விருந்தோடு நிறுத்த வேண்டாம். வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட் 1621-ல் ஏன் உடன்படிக்கைக்கு வந்தார் என்று பிள்ளையைத் தேடச் சொல்லுங்கள்: கொள்ளைநோய் அவருடைய மக்களைப் பெருமளவு அழித்திருந்தது, பக்கத்தில் நராகான்செட்டுகள் என்ற எதிரிப் பூர்வகுடிகள் பலத்தோடு இருந்தார்கள்.