கொல்லைக்கு வரும் குருவிகளுக்கு 150-600 சரிப்படுமா?

தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வீட்டுத் தோட்டத்துக்கு வரும் சின்னப் பறவைகளைக் கிட்டத்தில் எடுக்கத்தான் கேட்கிறார். சில வருடங்களாக இதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்பதால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். எடை, அப்பர்ச்சர் எல்லாம் அவருக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

கடைக்காரர் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு எண் இருக்கிறது. என்னுடையதில் அது 2.8 மீட்டர். அதைவிடக் கிட்டே இருக்கும் எதையும் இந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யாது.

எங்கள் தேன்பழ மரத்துக்குப் பூங்கொத்தி வரும். தலையிலிருந்து வால்வரை அளந்தாலும் 8 செ.மீ.தான். துரத்திப் போனால் கிடைக்காது. மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டால், கைக்கெட்டும் கிளைக்கே வந்து பழத்தைக் கொத்தும். அலகில் ஒட்டிய சாறுகூட வெறும் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஷட்டரைப் பாதி அழுத்தினால், ஃபோகஸ் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடித் திரும்பி, எதையும் பிடிக்காமல் நிற்கும். அதற்குள் பறவை போயிருக்கும். பழுது என்றால் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். வடிவமைப்பே இப்படி என்னும்போதுதான் எரிச்சல் தாங்கவில்லை.

பின்னால் தள்ளி உட்காரலாமே என்பார்கள். எங்கள் கொல்லையில் இரண்டு எட்டு பின்னால் வைத்தால் மதில்.

கிட்டே ஃபோகஸ் ஆவதற்காகக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபும் போட்டுப் பார்த்தேன். 50 மி.மீ. லென்ஸில் அது செய்யும் மாயம் 600-இல் நடக்காது. கொஞ்சம்தான் கிட்டே வரும், அதற்குப் பதிலாகத் தூரத்து ஃபோகஸ் போய்விடும். ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்சை 2.8-10 மீட்டரில் வைத்துக்கொள்வதுதான் ஓரளவு உதவுகிறது. தேடி ஓடும் நேரமாவது மிச்சம்.

ஆனால் அந்த எல்லைக்குச் சற்று அப்பால் பறவை உட்கார்ந்துவிட்டால், ஐயோ, என்ன படம்! ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆண் தலையைத் திருப்பும்போது, கறுப்பாகத் தெரிந்த தொண்டை சட்டென்று ஊதாவாக மின்னும். அது வெறும் சாயம் இல்லை, இறகின் நுண்ணமைப்பில் பட்டுத் திரும்பும் ஒளி. அந்த மினுக்கத்தை இறகு இறகாகப் பிரித்துத் தருகிறது இந்த லென்ஸ். கிராப் சென்சாரில் (முழு ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) அந்தத் தூரத்துப் பூங்கொத்தி சட்டத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். 600-இல் இந்த லென்ஸின் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்திருக்கும் எஃப்/6.3-இல் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும் என்பதால் ஃபோகஸ் கண்ணில் விழ வேண்டும். விழுந்துவிட்டால், கண்ணுக்குள் நம் வீட்டு மதிலே தெரியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டும், தம்பிக்கு என் பதில்: வாங்க வேண்டாம். கேனான் கேமரா என்றால் 100-400 இரண்டாம் பதிப்பைப் பழையதாகத் தேடுங்கள். 98 செ.மீ. வரை கிட்டே போகும். 400தானே என்று நினைக்காதீர்கள், அந்தக் கிட்டத்தில் 600-ஐவிடப் பறவை பெரிதாகவே விழும். நிக்கான் என்றால் 300 எஃப்/4 பிஎஃப், 1.4 மீட்டர். கையில் பிடித்து நாள் முழுக்க உட்காரலாம்.

எந்த லென்ஸ் வாங்கினாலும், தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு வைத்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இலையை விலக்கிப் படம் எடுப்பது காக்கைக்கு வழிகாட்டும் வேலை. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

என் லென்ஸை விற்பேனா என்றால், மாட்டேன். வேடந்தாங்கலில் ஏரிக்கு நடுவே மரத்தில் இருக்கும் கூழைக்கடாவுக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் 600 போதாது என்றுதான் தோன்றும். ஆனால் தம்பி கேட்டது கொல்லைக்கு. கொல்லைக்கு இது வேண்டாம்.